புது டிஸ்க் வாங்குவதற்கு முன்னால்

கோயம்புத்தூர்,
ஞாயிறு காலை

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கடிதம் புதன்கிழமை கிடைத்தது. தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதி. வால்பாறை மழையில் அந்தக் காலை வைத்துக்கொண்டு அவள் படியேறி இறங்குவதை நினைத்தால் எனக்கே வலிக்கும். நீ அனுப்பின டீத்தூள் தீர்ந்துபோச்சு. இங்கே யார் போட்டாலும் நன்றாக இருக்கிறது, நான் போட்டால் மட்டும் கசக்கிறது.

பேரனுக்குப் பல் முளைத்ததை ஒன்றரைப் பக்கம் எழுதிவிட்டு, கார் சமாச்சாரத்தை நாலே வரியில் முடித்திருக்கிறாய். "பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் உதறுகிறது. மெக்கானிக் முன்னால் இருக்கும் டிஸ்க் இரண்டும் பெண்டு, வளைந்துபோச்சு, மாற்றணும் என்கிறார்." அவ்வளவுதான்! எந்த வேகத்தில், எவ்வளவு நாளாக, இறக்கத்திலா சமதளத்திலா, ஒன்றும் இல்லை. சரி, தாத்தாவாகிவிட்டாய், மன்னிக்கிறேன். ஆனால் பணத்தை எடுத்துக் கொடுத்துவிடாதே. இதே பேச்சைக் கேட்டு, சக்கரத்தோடு சுற்றுகிற அந்த இரும்புத் தட்டை, டிஸ்க்கை, இரண்டு தடவை புதுசாக வாங்கினவன் சொல்கிறேன்.

உன்னிடம் சொல்ல வெட்கப்பட்டுத்தான் இத்தனை நாள் சொல்லவில்லை. மூன்று வருஷம் இருக்கும். நீலாம்பூர் பைபாஸில் 80-ல் போய்க்கொண்டிருக்கும்போது லேசாகப் பிரேக்கைத் தொட்டால் ஸ்டியரிங் இடமும் வலமுமாக ஆடும். ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். டிஸ்க், அதை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிக்கிற பேட், எல்லாம் புதுசு. வெண்ணெய் மாதிரி நின்றது. ஆறாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கும், மறுபடியும் அதே ஆட்டம். மட்டமான சாமான் போட்டுவிட்டார்கள் என்று திட்டிக்கொண்டே வேறு இடத்தில் மாற்றினேன். அதுவும் அதே கணக்கில் திரும்பி வந்தது. அப்போதுதான் உறைத்தது. முப்பது வருஷம் லேத்தில் நின்று மைக்ரான் கணக்கில், மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்துப் பிடித்தவன், சொந்த வண்டிக்கு நுண்ணிய ஆட்டத்தை முள்ளால் காட்டுகிற ஒரு டயல் கேஜ்கூட வைத்துப் பார்க்காமல் இரண்டு தடவை பில் கட்டியிருக்கிறேன்.

பழைய பட்டறையில் மேக்னட் பேஸோடு டயல் கேஜை இரவல் வாங்கி வந்தேன். சக்கரத்தைக் கழற்றி, நட்டுகளைப் போட்டு டிஸ்க்கை அது உட்காருகிற ஹப்போடு இறுக்கி, டிஸ்க்கின் முகத்தில் கேஜின் முனையை வைத்துக் கையால் சுற்றினால் 0.12 மில்லிமீட்டர் பக்கவாட்டில் ஆடுகிறது. பொதுவாக 0.05, மிஞ்சிப் போனால் 0.1-க்குள் இருக்க வேண்டும். டிஸ்க்கைக் கழற்றிப் பின்பக்கம் பார்த்தேன். ஹப்பின் முகத்தில் வட்டமாகத் துருப்பொருக்கு. இரண்டு இடத்திலும் ஒருத்தரும் அதைத் துடைக்கவில்லை, பொருக்கின் மேலேயே புது டிஸ்க்கை உட்கார வைத்திருக்கிறார்கள். கம்பி பிரஷ், எமரி தாள், அரை மணி நேர வேலை. மறுபடி வைத்தால் 0.03. டிஸ்க்கை ஒரு தடவை கடைந்து போட்டேன், இன்றுவரை சத்தமே இல்லை.

துரு முதல் நாளிலிருந்தே இருந்ததே, அப்புறம் ஏன் ஐந்து மாதம் கழித்து உதறியது என்று கேட்பாய். எனக்கும் அதுதான் புரியவில்லை, பிறகு யோசித்துப் பார்த்ததில் விளங்கியது. கோணலாக உட்கார்ந்த டிஸ்க் புதிதில் உதறாது, ஏனென்றால் பேடுகளைத் தாங்கி டிஸ்க்கைக் கவ்வுகிற காலிப்பர் அதோடு சேர்ந்து நகர்ந்து கொடுத்துவிடும். ஆனால் நீ பிரேக்கில் கால் வைக்காமல் சும்மா ஓட்டும்போதும், ஒவ்வொரு சுற்றிலும் அந்த மேடு மட்டும் பேடை உரசிவிட்டுப் போகிறது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் இப்படி உரசி உரசி அந்த இடம் மெலிந்துவிடும். அதற்கப்புறம் பிரேக்கை அழுத்தினால் தடிமன், மெல்லிசு என்று மாறி மாறி வந்து, பேடை அழுத்துகிற பிஸ்டனைத் தள்ளுகிறது, பிடிப்பு ஏறி இறங்குகிறது. 80-ல் சக்கரம் ஒரு விநாடிக்கு 11, 12 தடவை சுற்றும். அதே தாளம்தான் உன் கைக்கு வருகிறது. வேகம் குறையக் குறைய உதறலும் நிதானமாகிறதா என்று கவனித்துப் பார். இத்தனைக்கும் தடிமனில் 15, 20 மைக்ரான் வித்தியாசம் போதும். நம் தலைமுடியே ஏறக்குறைய 70 மைக்ரான், உனக்கு இருந்த காலத்தில்.

அதனால் 'பெண்டு' என்ற வார்த்தையை நம்பாதே. சூட்டில் டிஸ்க் நிஜமாகவே வளைவது அபூர்வம்.

உன் விஷயத்தில் எனக்கு இரண்டு சந்தேகம். போன தீபாவளிக்கு முன்னால் நாலு டயரும் மாற்றினேன் என்று எழுதியிருந்தாய். உதறல் அதற்கு முன்னாலா, அப்புறமா? ஏர் கன்னை வைத்து நட்டை அடித்து முடுக்கினால் ஒன்று அதிகமாக, ஒன்று குறைவாக இறுகி டிஸ்க் கோணிக்கொள்ளும். எதிரெதிர் நட்டாக, இரண்டு மூன்று சுற்றில், இறுக்கத்தை அளந்து காட்டுகிற டார்க் ரென்ச் வைத்து முடுக்க வேண்டும். உன் வண்டிப் புத்தகத்தில் அளவு போட்டிருக்கும், சிறிய கார்களுக்குப் பெரும்பாலும் 85-லிருந்து 110 நியூட்டன் மீட்டருக்குள்தான் வரும்.

இன்னொன்று உன் கால்மேல். வாராவாரம் நாற்பது கொண்டை ஊசி இறங்கிப் பொள்ளாச்சி வருகிறாய். இரண்டாவது கியரில் இறங்கு என்று காலேஜ் நாளில் உன் அப்பாவின் ஜீப்பில் போனபோதே சொன்னேன், நீ கேட்கிற ஆளில்லை. இறக்கம் முழுக்கப் பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே வந்து, ஆழியாறு செக்போஸ்ட்டில் காலை அழுத்திப் பிடித்தபடி நிற்பாய். கொதிக்கிற டிஸ்க்கில் பேட் ஒரே இடத்தில் அழுந்தி, அதன் பொருள் அங்கே படிந்து திட்டாகிவிடும். அதுவும் இதே மாதிரிதான் உதறும். சமதளத்தில் நின்றால் பிரேக்கை விட்டுவிடு, கியரில் போட்டு இன்ஜினை அணை.

நான் வருவதற்குள் நீயே சிலதைப் பார்த்து வை. கையில் உதறினால் முன்சக்கரம், சீட்டில் உதறினால் பின்சக்கரம் என்பது பெரும்பாலும் சரியாக வரும். நிச்சயப்படுத்திக்கொள்ள, மலையில் இல்லை, கீழே ஆள் அரவமில்லாத நேர் ரோட்டில், 30-ல் போகும்போது ஹேண்ட்பிரேக்கின் பட்டனை அமுக்கிப் பிடித்தபடியே மெதுவாக இழு. உன் வண்டியில் அது பின் டிரம்மை மட்டும்தான் பிடிக்கும். அப்போதும் உதறினால் முன் டிஸ்க்கை மாற்றி ஒரு பிரயோஜனமும் இல்லை. பிரேக் பிடிக்காமலே 90-ல் ஆடுகிறது என்றால் வீல் பேலன்ஸிங். வேகத்தடை ஏறி இறங்கும்போது 'டக் டக்' என்று கேட்டால் சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கிற லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷையும் பால் ஜாயின்ட்டையும் பார்க்கச் சொல். அது தேய்ந்திருந்தால் சின்ன உதறல்கூடப் பெரிதாகத் தெரியும். நனைந்த ரோட்டில் ஓங்கி மிதிக்கும்போது காலில் மட்டும் 'கடகட' என்று உதைத்தால் அது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கிற ஏபிஎஸ், நோய் இல்லை.

இறங்கி வந்ததும் ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோ, தொடாதே. ஒரு முன்சக்கரம் மட்டும் அனலாக அடித்தால் காலிப்பர் நகர்கிற ஊசி (pin) இறுகிப்போயிருக்கலாம்.

பிரேக் ஆயில் எப்போது மாற்றினாய்? உதறலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் நீ இருக்கிற ஊருக்குக் கேட்கிறேன். டாட் 3 ஆயில் புதிதில் 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் இழுத்தபின் 140-லேயே கொதித்துவிடலாம், அப்புறம் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். இரண்டு வருஷம் ஆகியிருந்தால் மாற்றிவிடு. பெடல் அமுங்கினாலோ வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ ஒரு நாள்கூட மலையில் ஓட்டாதே, பஸ்ஸில் வா.

இரண்டாவது சனிக்கிழமை நான் அங்கே வருகிறேன். டயல் கேஜ் இப்போது சொந்தமாகவே இருக்கிறது, மைக்ரோமீட்டரும் கொண்டுவருகிறேன். டிஸ்க்கைச் சுற்றி எட்டு இடத்தில் தடிமன் எடுத்துவிட்டால் விஷயம் தெரிந்துவிடும். விளிம்பில் குறைந்தபட்சத் தடிமன் எவ்வளவு என்று பொறித்திருப்பான், அதற்கு மேல் சதை இருந்தால் கடைந்தே போட்டுக்கொள்ளலாம். அதுவரை மெக்கானிக்கிடம், மச்சான் வந்து பார்க்கட்டும் என்று சொல்லி வை. கோபித்துக்கொள்ள மாட்டார்.

மழைக்கோட்டு ஒன்று எனக்கு வேண்டும், உன்னுடைய பழையது போதும். தங்கச்சிக்குப் பிடித்த அந்த நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கி வருகிறேன், முழங்காலுக்கு எண்ணெய்ப் பலகாரம் ஆகாது என்று நீ எடுத்துத் தின்றுவிடாதே.

இப்படிக்கு,
உன் லேத்துக்காரன்