அக்வேரியம் கடைக்காரர்களுக்கு: அந்தக் கலர் கல் வேண்டாம்

அக்வேரியம் கடை வைத்திருக்கும் அண்ணன்மார்களுக்கு வணக்கம்.

'ஆக்ஸலாட்டில்' (axolotl) என்ற நீர்வாழ் பிராணியை வாங்க வருபவருக்குத் தொட்டி, பில்டர் எல்லாம் எடுத்துக் கொடுத்துவிட்டு, பில் போடும் நேரத்தில் ஒரு கலர் கல் பாக்கெட்டையும் சேர்த்து வைக்கிறீர்கள். எனக்கும் அப்படித்தான் வந்தது. நீலமும் வெள்ளையும் கலந்த, பட்டாணி அளவுக் கல். எந்தக் கடை என்பதை விடுங்கள்.

ஆக்ஸலாட்டிலை 'நடக்கும் மீன்' என்று சொல்லி விற்றாலும் அது மீன் இல்லை. மெக்சிகோ நகரத்தில் ஸோச்சிமில்கோ கால்வாய்களில் வாழும் சாலமாண்டர், அதாவது பல்லி போல உருவமுள்ள இருவாழ்வி. தவளைக்குத் தூரத்துச் சொந்தம். இரையைக் கடித்துப் பிடிக்காது. வாயைச் சட்டென்று திறக்கும். தண்ணீரோடு இரையும் உள்ளே போய்விடும். பக்கத்தில் கிடக்கும் கல்லும்தான்.

ஒரு நாள் இரவு மண்புழு போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். புழு அடியில் விழுந்து நெளிந்தது. அடுத்த நொடி புழுவையும் காணோம், அதற்கடியில் கிடந்த இரண்டு கல்லையும் காணோம். ஒன்றைத் துப்பியது, கண்ணாடியில் 'டிக்' என்று பட்டது. இன்னொன்று வரவில்லை. நாலாம் நாள் சாப்பாட்டை நிறுத்தி, வயிறு ஊதி, மேலே மிதக்க ஆரம்பித்தது. எப்படியோ பத்து நாளில் கல் வெளியே வந்து பிழைத்துக்கொண்டது. இப்படிக் குடல் அடைத்துச் செத்துப்போவதும் உண்டு.

கல் போட்டே ஆகவேண்டும் என்றால் அதன் தலையைவிடப் பெரிய உருண்டைக் கல்லாகக் கொடுங்கள். இல்லையென்றால் 1 மி.மீ.க்கும் குறைவான மணல். இரண்டுக்கும் நடுவில் உள்ளதுதான் ஆபத்து. மணல் என்றதும் எம்-சாண்டை அள்ளிக் கொடுத்துவிடாதீர்கள். அது பாறையை உடைத்துச் செய்வது, முனையெல்லாம் கூர். ஆற்று மணலை மாவு சல்லடையில் சலித்து, தண்ணீர் தெளியும்வரை அலசினால் போதும். இரண்டு செ.மீ. உயரத்துக்கு மேல் பரப்பவும் வேண்டாம், அடியில் கழிவு தங்கி நாறும். 15 செ.மீ. கூட வளராத குட்டிக்கு மணலும் ஆகாது, வெறும் தரைதான். கண்ணாடி வழுக்குகிறது என்றால் ஸ்லேட் கல் பலகை ஒன்றைப் போடச் சொல்லுங்கள். (நம் ஊர் வெயிலில் தண்ணீரை 18 டிகிரியில் வைக்கச் சில்லர் வேண்டும் என்பதையும் சொல்லலாம். சரி, அது தனிக் கதை.)

கல் பாக்கெட்டை எடுக்கும் முன், "என்ன வளர்க்கப் போறீங்க?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஆக்ஸலாட்டில் என்றால் எடுத்த இடத்திலேயே மாட்டிவிடுங்கள். சலித்து அலசிய மணலைக் கிலோ கணக்கில் கட்டி வையுங்கள். கலர் கல் விலைக்கே நான் வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளன்