அக்டோபர் 2 கிராமசபைக்குள்ள புத்தகம் போய்ச் சேரணும், இன்னும் 36,500 ரூபாய் குறையுது

அண்ணாச்சிமார், அக்காமார், தம்பிமார் எல்லாருக்கும் கமிட்டியோட வணக்கம். சுத்தி வளைக்காம சொல்லிடறோம். மேற்குத் தொடர்ச்சி மலைய காப்பாத்த வந்த ரெண்டு அறிக்கையப் பத்தி நம்ம ஊர்ப்பக்கம் மலையடிவாரத்து கிராமங்களுக்கு ஒரு சின்ன புத்தகம் போடறோம். செப்டம்பர் 20க்குள்ள முழுப்பணமும் கட்டினா தான் மிஷின்ல ஏத்துவேன்னு பிரஸ்காரர் சொல்லிட்டார்.

குரூப்ல புதுசா சேந்தவங்களுக்காக கொஞ்சம் பழைய கதை. கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கம் இன்னிக்கு நாம கடை கண்ணின்னு இருக்கோம்னா அது அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி பக்கத்துல இருந்து ரயிலேறி வந்த பெரியவங்க போட்ட வழி. கொத்தவால்சாவடில மூட்ட தூக்கினாங்க, பின்னி மில்லுல நைட் ஷிப்ட் பாத்தாங்க, ஹார்பர்ல வெயில்ல நின்னாங்க, இங்க உப்புத்தண்ணியக் குடிச்சிட்டு ராத்திரி திண்ணைல உக்காந்து தாமிரபரணி தண்ணி ருசியப் பத்தியே பேசுவாங்க. ஊர்ல கோயில் கொடைன்னா முதல் வரி மெட்ராஸ்ல இருந்து தான் போகும், அதுல அவங்களுக்கு ஒரு கெத்து!

இப்ப போற வரி மலைக்கு. மேற்குத் தொடர்ச்சி மலைய காப்பாத்த சூழலியலாளர் மாதவ் காட்கில் தலைமைல மத்திய அரசு போட்ட குழு 2011லயே அறிக்கை குடுத்துச்சு. மலை முழுசையும் மூணு மண்டலமா பிரிச்சு, ரொம்ப முக்கியமான எடத்துல புது சுரங்கம் கூடாது, சிவப்பு வகை ஆலை, அதாவது ரொம்ப மாசு பண்ற ஆலை கூடாது, பெரிய அணை கூடாது, எங்கயுமே ஊட்டி மாதிரி புதுசா சுற்றுலா மலை ஊர் உருவாக்கக் கூடாதுன்னாங்க. மண்டலத்தோட எல்லைய கிராமசபைல கேட்டு முடிவு பண்ணுங்கன்னும் சொன்னாங்க, அது தான் விஷயமே. அப்பறம் வந்த கஸ்தூரிரங்கன் குழு 2013ல எல்லைய சுருக்கிடுச்சு. 2014ல இருந்து மத்திய அரசோட ஆறு வரைவு அறிவிக்கை, அதாவது இன்னும் முடிவாகாத உத்தரவு, வந்தாச்சு, தமிழ்நாட்டுல காப்பாத்த வேண்டிய பகுதின்னு அதுல இருக்கறது 6,914 சதுர கிலோமீட்டர். ஆறாவது வந்தது 2024 ஜூலை 31, வயநாட்டுல மலை சரிஞ்ச மறுநாள். அதுவும் வரைவு தான்.

மலையடிவாரத்து சனத்துக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? "ஊரக் காலி பண்ணிடுவான், மாடு மேய்க்க விடமாட்டான்"னு யாரோ சொன்னது தான் காதுல இருக்கு. காலி பண்ணச் சொல்லி ரெண்டு அறிக்கைலயும் இல்ல. அதனால ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, எதுக்கு தடை, எதுக்கு தடையில்லன்னு எளிய தமிழ்ல 32 பக்கத்துல இந்தப் புத்தகம், கூட ஒரு மேப்பு.

கணக்கு இது தான். 5,000 காப்பி, ஒண்ணு 14 ரூபாய், 70,000. லேஅவுட்டும் மேப்பும் 9,000. லாரி பார்சல் 6,000. மொத்தம் 85,000, கைல இருக்கறது 48,500.

அந்த 48,500 வந்த கதைய சொல்லாம விட்டா பாவம். கேக்கறதுக்கு முன்னாடியே 10,000 எடுத்து வச்ச மாவு மில் அண்ணாச்சி, தீபாவளி சீட்டுல இருந்து கழிச்சுக்கோங்கன்ன பூக்கடை அக்கா, ஸ்டாண்டுல உண்டியல் வச்ச ஆட்டோ தம்பிங்க, பென்ஷன் வந்த அன்னிக்கே வீடு தேடி வந்து குடுத்த மில்லுக்காரத் தாத்தா, முகம் தெரியாம ஜிபேல 50, 100னு போட்ட புள்ளைங்க, எல்லாருக்கும் காரையாறு சொரிமுத்து அய்யனார் துணையிருப்பார்.

மத்தவங்களுக்கு, கோவிச்சுக்காதீங்க, ஒண்ணு கேக்கறோம். ஆடி அமாவாசைக்கு வேன் புடிச்சு காரையாறு போறோம், பாபநாசத்துல முழுகிட்டு கட்டுன துணிய ஆத்துலயே விட்டுட்டு வர்றோம், அந்த வேன் காசுல பாதி கூட மலைக்கு குடுக்க மாட்டோமா? எல்லை போடாம விட்டா என்னாகும்னு நமக்கு வேற யாரும் பாடம் நடத்த வேணாம், எண்ணூர் பக்கத்துல தான இருக்கு. சாம்பல் கொட்டுன கழிமுகத்த பாத்திருக்கோம், 2023 டிசம்பர் வெள்ளத்துல வீட்டுச் செவுத்துல எண்ணெய் படிஞ்சதையும் பாத்திருக்கோம். அதே மாசம் தான் ஊர்ல தாமிரபரணி கரை ஒடைஞ்சு ஓடுச்சு, அன்னிக்கு போன் போட்டு அழுதோம்ல?

500க்கு மேல குடுக்கறவங்க பேர் கடைசி பக்கத்துல வரும், வேணாம்னா சொல்லிடுங்க. பணமா குடுக்கறவங்க மறக்காம ரசீது வாங்கிக்கோங்க, போன தடவ மாதிரி கணக்குல சண்டை வேணாம். ஞாயித்துக்கிழம காலைல மாவு மில் மாடில கூடறோம், பார்சல் கட்ட ஆள் வேணும், காசு இல்லாதவங்க அதுக்காவது வாங்க.