சம்பளச் சீட்டு இல்லாதவள்

அன்புள்ள கண்ணு,

வங்கியில் வீட்டுக் கடன் தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள் என நீ சொன்னபோது, ஆகட்டும் பார்க்கலாம் என்று போனை வைத்துவிட்டேன். போனில் எனக்குப் பேச வராது, உனக்கே தெரியும். அதனால் எழுதுகிறேன்.

சிவதாபுரத்துப் பட்டறையில் கொலுசுக் கூலி வேலை பார்த்த காலத்தில், மேல்தளம் போட நானும் கடன் கேட்டுப் போனேன். சம்பளச் சீட்டு கேட்டார்கள். என்னிடம் இருந்தது, முதலாளி கூலியைக் குறித்துத் தரும் சின்ன நோட்டு மட்டும்தான். ஓரமெல்லாம் கறுத்துப்போயிருந்தது. மேலாளர் அதைத் தொடவே இல்லை. கடைசியில் மூன்று வட்டிக்கு வெளியில் வாங்கினேன். நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய், வருடத்துக்கு 36. உங்கம்மாவின் வளையல் போனது அதில்தான்.

உன் சங்கதி வேறு. உன்னிடம் காகிதம் இருக்கிறது, அந்தக் காகிதமே உன்னைக் கவிழ்த்துவிட்டது. நீ அனுப்பிய வரிக் கணக்கைச் செவ்வாய்ப்பேட்டையில் ஓர் ஆடிட்டரிடம் காட்டினேன், கோபித்துக்கொள்ளாதே. சம்பளமாக இல்லாமல், ஒப்பந்த வேலைக்கு வருடத்துக்கு 12 லட்சம் வாங்குகிறாய். கம்பெனி 10 சதவீதம் வரியாகப் பிடித்துக்கொண்டு மீதியைப் போடுகிறது. வரும் பணத்தில் பாதி செலவு என்று விட்டு, மீதிப் பாதியை வருமானமாகக் காட்டினால் போதும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, நீ 6 லட்சம் காட்டியிருக்கிறாய். பிடித்த வரி திரும்பி வந்துவிட்டது, சரி. ஆனால் வங்கியின் கணக்கில் நீ மாதம் 50,000 ரூபாய்க்காரி. 32 லட்சம் கடனுக்கு, 20 வருடம், எட்டரை சதவீத வட்டி என்றால் தவணை சுமார் 27,800. பாதிக்கு மேல் தவணைக்கே போகும் ஆளுக்கு எவன் கொடுப்பான்?

பாதி என்பது குறைந்தபட்சம், அதற்கு மேலும் காட்டலாம் என்கிறார் ஆடிட்டர். உனக்கு என்ன பெரிய செலவு, ஒரு லேப்டாப்பும் இன்டர்நெட்டும்தானே? செலவு போக 10 லட்சம் நின்றால் 10 லட்சம் என்றே எழுது. புதிய வரி முறையில் 12 லட்சம் வருமானம் வரைக்கும் வரியே இல்லையாம். அப்புறம் எதற்கு உன்னை நீயே பாதியாக்கிக்கொள்கிறாய்?

கோபத்தில் நாலு வங்கியில் விண்ணப்பம் போடாதே. ஒவ்வொன்றும் சிபில் என்கிற கடன் வரலாற்று அறிக்கையில் ஏறும். ஒப்பந்தம் புதுப்பித்த கடிதங்களை எல்லாம் எடுத்து வை. இடையில் இரண்டு மாதம் வேலையில்லாமல் இருந்தாயே, அதைக் கட்டாயம் கேட்பார்கள்.

தம்பிக்குச் சம்பளச் சீட்டு இருக்கிறது, அவனைக் கூட்டுக் கடனாளியாகச் சேர்க்கலாம் என்கிறாள் உங்கம்மா. எனக்கு மனசில்லை. நீ கட்டாவிட்டால் முழுக் கடனும் அவன் தலையில்தான். நாளைக்கு அவன் வீடு வாங்கப் போனாலும் இந்தத் தவணையைக் கழித்துவிட்டுத்தான் பார்ப்பார்கள். அவனிடம் கேட்டால் சரி என்பான், அதனால்தான் கேட்க வேண்டாம் என்கிறேன்.

கன்னங்குறிச்சி வீட்டுக்கு 40 லட்சம் சொல்கிறார்கள். 80 சதவீதம் கடன் கிடைத்தாலும் 8 லட்சம் நீ போட வேண்டும். பத்திரச் செலவு 9 சதவீதம், அது 3,60,000. அதை வங்கி வீட்டு விலையில் சேர்க்காது. இப்போது உன்னிடம் இருப்பது 7 லட்சம். ஒரு வருடம் பொறு, முழு வருமானம் காட்டிய வரிக் கணக்கும் ஒன்று சேர்ந்துவிடும்.

வீட்டை விற்பவர் முன்பணம் கேட்டால் அப்பாவிடம் பேசச் சொல். வில்லங்கச் சான்றுக்கு மனுப் போட்டுவிட்டேன். தாய்ப் பத்திரத்தின் நகலை வெள்ளிக்கிழமை தருகிறேன் என்றிருக்கிறார்.

அன்புடன்,
அப்பா