விலகும் வழியையும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டு இணைய இணைப்பைத் தேர்ந்தெடுப்பது குறித்துத் தங்கள் இதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். வேகம், மாதக் கட்டணம், இலவச ரூட்டர், உடன் கிடைக்கும் ஓடிடி சந்தா என அனைத்தையும் ஒப்பிட்டிருந்த அக்கட்டுரை, ஒரு நிறுவனத்தை விட்டு இன்னொன்றுக்கு மாறுபவர் உண்மையில் எங்கே திண்டாடுகிறார் என்பதைத் தொடவேயில்லை. புதிய இணைப்பு வாங்குவதில் இன்று பெரிய சிரமம் ஒன்றுமில்லை; பழைய இணைப்பிலிருந்து முறையாக விலகுவதுதான் பெரும்பாடு. அதையும் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் சில மாதங்களுக்கு முன் இணைப்பை மாற்றினோம். புதிய நிறுவனத்தின் ஊழியர் குறித்த நேரத்தில் வந்து, ஃபைபரை உள்ளே இழுத்து, பச்சை நிற முனையை ஓஎன்டி பெட்டியில் (ஃபைபரில் வரும் ஒளியை இணையச் சமிக்ஞையாக மாற்றும் கருவி) செருகியதும், ஒளி வரவில்லை என்று சிவப்பாக மினுக்கிக்கொண்டிருந்த 'லாஸ்' விளக்கு அணைந்தது. பெட்டியின் தொடர் எண்ணைத் தம் அலுவலகத்துக்குச் சொல்லிப் பதிவு செய்யவைத்தார், நிறுவனத்தின் வலையமைப்புடன் இணைந்ததைக் காட்டும் 'பான்' விளக்கு பச்சையில் நிலைத்தது, இணையம் வந்துவிட்டது. மிஞ்சிய ஃபைபரை இறுக்கி மடக்கினால் ஒளி கசிந்து சமிக்ஞை குறையும் என்று சொல்லி, அதைப் பெரிய வளையமாகச் சுற்றிச் சுவரில் பொருத்திவிட்டே கிளம்பினார். அத்தனை ஒழுங்கான வேலை.

பழைய நிறுவனத்திடம் விலகப்போவதாகச் சொன்னபோதுதான் சிக்கல் தொடங்கியது. அதன் செயலியில் திட்டத்தை உயர்த்திக்கொள்ளப் பொத்தான் உண்டு. இணைப்பை நிறுத்த எதுவும் இல்லை. வாடிக்கையாளர் சேவை எண்ணில் பேசியவர்கள் முதலில் தள்ளுபடி தருவதாகச் சொன்னார்கள், பிறகு மின்னஞ்சல் அனுப்பச் சொன்னார்கள், அதன் பிறகு அது வேறு பிரிவின் வேலை என்றார்கள். ரூட்டரைத் திருப்பிக் கொடுத்த பின்னும் அடுத்த மாத பில் வந்தது. ரூட்டரைப் பெற்றுக்கொண்டதற்குத் தேதியுடன் எழுத்தில் ரசீது வாங்கி வைத்திருந்ததால்தான் அந்த பில் ரத்தானது, முன்பணமும் திரும்பி வந்தது. ரசீது கேட்கத் தோன்றாத முதியவர்களும், தொலைபேசியில் மன்றாட நேரமில்லாதவர்களும் இந்த இடத்தில் என்ன செய்வார்கள் என்பதை எண்ணினால் எனக்குக் கோபமே வருகிறது.

இதற்குத் தீர்வு இல்லாமல் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் இயற்றிய மின்னணுத் தொடர்புச் சட்டத் தொகுப்பின் 106-ஆவது பிரிவு, மாறும் பணியைப் புதிய நிறுவனமே முன்னின்று நடத்த வேண்டும் என்றும், இடையில் ஒரு வேலைநாளுக்கு மேல் சேவை தடைபடக் கூடாது என்றும் கூறுகிறது. பிரிட்டனில் 2024 செப்டம்பர் 12 முதல் 'ஒன் டச் ஸ்விட்ச்' என்ற முறை நடைமுறையில் உள்ளது. அங்கே வாடிக்கையாளர் தாம் சேரப்போகும் நிறுவனத்திடம் மட்டும் சொன்னால் போதும். விலகல் கட்டணம் உள்ளிட்ட விவரங்களைப் பழைய நிறுவனம் அவருக்குத் தெரிவித்தாக வேண்டும். அவர் சம்மதித்ததும் மற்றதைப் புதிய நிறுவனம் பார்த்துக்கொள்கிறது. போகாதே என்று பிடித்து இழுக்கும் தொலைபேசிப் பேச்சுக்கு அங்கே வாடிக்கையாளர் தலைகொடுக்க வேண்டியதில்லை. இப்படியொரு விதி எல்லா நாடுகளிலும் வர வேண்டும் என்பதே என் கோரிக்கை.

அது வரும்வரை, மாற விரும்புவோர் புதிய இணைப்பு நன்றாக ஓடுவதைக் கண்ட பிறகே பழையதை நிறுத்த வேண்டும். சில நாட்களுக்கு இரட்டைச் செலவுதான், ஆனால் புதியதைச் சோதித்துப் பார்க்க அந்த நாட்கள் உதவும் என்பதால் அது வீண் செலவன்று. ஃபைபர் என்றாலே தனக்கென ஒரு தனிப்பாதை கிடைப்பதாகப் பலர் நம்புகிறார்கள். ஃபைபர் இணைப்புகளில் பரவலாகப் பயன்படும் ஜிபான் என்ற தொழில்நுட்ப முறையில், நொடிக்கு ஏறத்தாழ 2.5 ஜிகாபிட் கொள்ளளவுள்ள ஒரே இழையை 32 அல்லது 64 வீடுகள் வரை பகிர்ந்துகொள்ளலாம். ஆகவே பகல் பொழுதில் எடுக்கும் வேகச் சோதனையை வைத்து முடிவுக்கு வருவது தவறு. எல்லா வீடுகளிலும் படம் ஓடும் இரவு நேரத்தில், வைஃபையில் அல்லாமல் ரூட்டரிலிருந்து லேன் கேபிள் இணைத்துப் பார்க்க வேண்டும். 100 எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு 100 மெகாபிட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால், கோப்பு இறங்கும்போது திரையில் காண்பது அதிகபட்சம் நொடிக்கு 12.5 மெகாபைட்தான் என்பதை அறிந்திருந்தால் வீணான சண்டைகளும் குறையும். வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் பதிவேற்ற வேகத்தையும் தவறாமல் சோதிக்க வேண்டும், ஏனெனில் விளம்பரங்களில் பெரும்பாலும் பதிவிறக்க வேகமே பெரிய எழுத்தில் இருக்கும்.

விற்பனைப் பிரிவினர் தாமாகச் சொல்லாத இன்னொன்றும் உண்டு. இணையத்தில் ஒவ்வோர் இணைப்பையும் அடையாளம் காட்ட எண்களாலான முகவரி வேண்டும்; ஐபிவி4 என்ற பழைய முறையில் இருக்கக்கூடிய முகவரிகள் மொத்தமே ஏறத்தாழ 430 கோடி. உலகளாவிய மையத் தொகுப்பில் எஞ்சியிருந்தவை 2011 பிப்ரவரியில் பகிர்ந்தளிக்கப்பட்டு முடிந்தன. அதனால் பல நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குச் சேர்த்துக் கொடுக்கின்றன. படம் பார்ப்பவருக்கு இதனால் ஒன்றும் ஆகாது. வீட்டுக் கேமராவின் பதிவுப் பெட்டியை வெளியிலிருந்து நேரடியாகத் தொடர்புகொள்பவருக்கோ, மாறிய அன்றே அது நின்றுபோகலாம். தனிப் பொது முகவரி கிடைக்குமா, மிக அதிக முகவரிகள் கொண்ட புதிய முறையான ஐபிவி6 உண்டா என்று சேருவதற்கு முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

பழைய நிறுவனம் கொடுத்த மின்னஞ்சல் முகவரியை வங்கிக்கும் காப்பீட்டுக்கும் தந்திருப்பவர்கள், அதை முதலில் மாற்றிவிட வேண்டும். இணைப்போடு அந்த முகவரியும் போய்விடக்கூடும். இணைப்புடன் தரைவழித் தொலைபேசி எண் இருந்து, அதைத் தக்கவைத்துக்கொள்ள வசதியும் இருந்தால், அந்த எண் புதிய நிறுவனத்துக்கு மாற்றப்பட்ட பிறகே பழைய இணைப்பை ரத்து செய்யச் சொல்ல வேண்டும். ரூட்டரைத் திருப்பித் தருவதற்கு முன் ரீசெட் செய்து உங்கள் விவரங்களை அழித்துவிடுங்கள். புதிய ரூட்டரில் பழைய வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் அப்படியே வைத்தால், வீட்டிலுள்ள கருவிகள் பெரும்பாலும் தாமாகவே இணைந்துகொள்ளும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை நிறுவனங்களை ஒப்பிட்டு அட்டவணை வெளியிடும்போது, கட்டாய ஒப்பந்தக் காலம் எவ்வளவு, எத்தனை நாள் முன்னறிவிப்பு தர வேண்டும், விலகல் கட்டணம் உண்டா, முன்பணம் எத்தனை நாளில் திரும்பும், ரத்து செய்யும் வசதி செயலியிலேயே இருக்கிறதா என்பவற்றையும் சேருங்கள். இவற்றை விளம்பரத்திலிருந்து எடுக்காமல் நிறுவனங்களிடமே எழுதிக் கேளுங்கள். பதில் தராத நிறுவனத்தின் கட்டத்தில் 'பதில் இல்லை' என்றே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்