சுண்டெலி எஞ்சினின் பெருமை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்க மசில் கார்களை (அதிக ஆற்றல் கொண்ட எஞ்சின் பொருத்திய வேகக் கார்களை)ப் பற்றிய தங்கள் கட்டுரை பெரிய எஞ்சின்களை மட்டுமே போற்றியது வருத்தமளித்தது. 1955-இல் அறிமுகமான செவர்லே நிறுவனத்தின் சிறிய வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சினை ரசிகர்கள் 'சுண்டெலி' என்றும், பெரியதைப் 'பெருச்சாளி' என்றும் அழைத்தனர். மூர்த்தி சிறிதென்றாலும் கீர்த்தி பெரிது என்பதற்கு, 1967-இல் அந்நிறுவனத்தின் கமாரோ இசட்/28 காரில் பொருத்தப்பட்ட, இந்தச் சுண்டெலி வகையைச் சேர்ந்த 302 கன அங்குல (சுமார் 4.95 லிட்டர்) எஞ்சினே சான்று. டிரான்ஸ்-ஆம் என்ற அமெரிக்கக் கார் பந்தயத்தின் விதிகள் 5 லிட்டருக்கு மேற்பட்ட எஞ்சினை அனுமதிக்காததால், 327 கன அங்குல எஞ்சினின் 4 அங்குல சிலிண்டர் விட்டத்தோடு 283 கன அங்குல எஞ்சினின் 3 அங்குல ஸ்ட்ரோக்கை (பிஸ்டன் ஓடும் தூரத்தை)ச் சேர்த்தார்கள். பிஸ்டன் ஓடும் தூரம் குறைந்ததால், அந்த 302 எஞ்சின் நிமிடத்துக்கு 7,000 சுற்றுகளையும் தயங்காமல் எட்டியது. நிறுவனம் அறிவித்த 290 குதிரைத்திறன் குறைத்துச் சொல்லப்பட்டது என்றே ரசிகர்கள் பலரும் கருதுகிறார்கள். உள்ளிழு, வெளியேற்று வால்வுகள் இரண்டுக்கும் விடப்படும் இடைவெளி 0.030 அங்குலம் என்பதால், வால்வுகளைத் திறக்கும் தண்டான அதன் கேம்ஷாஃப்டுக்கு '30-30' என்றே பெயர் நிலைத்தது. எஞ்சின் மெதுவாக ஓடுகையில் அந்த இடைவெளியில் எழும் டிக்டிக் ஓசையை ஒருமுறை கேட்டவர்கள் மறக்கமாட்டார்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்