கைக்கயிறும் பெற்றோர் பொறுப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்மாவட்டப் பள்ளிகளில் மாணவர்கள் சாதிக்கொரு நிறத்தில் கையில் கயிறு கட்டிக்கொள்வது பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், பழி முழுவதும் ஆசிரியர்கள் தலையில்தான் விழுகிறது. திருநெல்வேலி மாவட்டத்தில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்ற ஆசிரியன் என்ற முறையில், அந்த முடிச்சு வீட்டிலும் தெருவிலும் போடப்படுகிறது என்பதைத் தெரிவிக்க விரும்புகிறேன்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவரையும் அவருடைய தங்கையையும் உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டியதை அடுத்து, ஓய்வு பெற்ற நீதிபதி கே. சந்துருவை ஒரு நபர் குழுவாக அரசு நியமித்தது. 2024 ஜூனில் அவர் அளித்த அறிக்கை, கயிறு, மோதிரம், நெற்றிக் குறி போன்ற சாதி அடையாளங்களைத் தடைசெய்யவும், பள்ளிகளின் பெயர்களிலிருந்து சாதியை நீக்கவும் பரிந்துரைத்தது. எல்லாமே நிறைவேற்றப்பட வேண்டியவைதாம். ஆனால், பள்ளி வாசலில் கயிற்றை அவிழ்த்துப் பைக்குள் போட்டுக்கொள்ளும் மாணவன் மாலையில் அதை மீண்டும் கட்டிக்கொண்டால் எந்தத் தலைமையாசிரியரால் தடுக்க முடியும்?

யாரோடு சேரலாம், யார் வீட்டில் தண்ணீர் குடிக்கக் கூடாது என்பதையெல்லாம் பிள்ளைகள் வீட்டில்தான் கற்கிறார்கள். பல வீடுகளில் இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதுகூட இல்லை. மகனின் தோழனைத் திண்ணையிலேயே நிறுத்திப் பேசி அனுப்பிவிடும் பெற்றோரின் முகம் போதும். மீதியைத் தெரு பார்த்துக்கொள்கிறது. கோயில் கொடை விழாவுக்கு ஊர் முகப்பில் வைக்கும் ஃபிளெக்ஸ் பேனரில், சாதித் தலைவரின் படத்துக்குக் கீழே, சீறும் சிங்கத்துக்குப் பக்கத்தில், ஒன்பதாம் வகுப்புப் பையன்களின் படங்களை வரிசையாக அச்சிட்டு வைப்பதற்குப் பெரியவர்கள் பணம் கொடுக்கிறார்கள். படிப்பிலும் விளையாட்டிலும் பெயர் வாங்காத ஒரு பையனுக்கு, எந்த முயற்சியும் செய்யாமலே ‘நம்ம பய’ என்ற பெருமை கிடைக்கும் ஒரே இடம் அதுவாக இருக்கும்போது, அதை விட்டுவிடு என்று நாற்பத்தைந்து நிமிட நீதிபோதனை வகுப்பில் சொல்லிப் பயனில்லை.

1929இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதைக் கைவிடக் கோரியது. அடுத்த இரண்டு தலைமுறைகளில் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் பெரும்பாலும் அதைச் செய்தும் காட்டின. தந்தையின் முதலெழுத்தோடு பெயர் நின்றுவிடுகிறது. (அந்தக் குறையை ஈடுகட்டத்தான் ‘உங்களுக்கு எந்த ஊர், அதில் எந்தத் தெரு’ என்று சுற்றி வளைத்துக் கேட்கும் வழக்கம் நம்மிடம் வளர்ந்திருக்கிறது போலும்.) தாத்தா பெயரிலிருந்து வெட்டி எறிந்ததைப் பேரன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு திரிகிறான் என்றால், பட்டத்தை விட்ட வீடுகள் பகையை விடவில்லை என்றே கருத வேண்டியிருக்கிறது.

கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களில் முக்கால் பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும். சுற்றுச்சுவரையும் கழிப்பறையையும் பற்றிப் பேசும் அக்குழுக் கூட்டங்களில், பிள்ளைகளின் சாதி அடையாளங்கள் பற்றியும் பெற்றோரையே பேச வைத்துத் தீர்மானம் எழுத, பள்ளிக் கல்வித் துறை உத்தரவிட வேண்டும். கொடை விழாப் பேனர்களுக்கு அனுமதி வழங்கும்போதே, பள்ளி மாணவர்களின் படங்கள் அவற்றில் இடம்பெறக் கூடாது என்று உள்ளாட்சி அமைப்புகள் நிபந்தனை விதிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியர்,
திருநெல்வேலி மாவட்டம்.