கார்த்திகைக் கடைசியில் கொஞ்சம் விளக்கை அணையுங்கள்

திருச்சியிலிருந்து இரவில் சிங்கப்பூர், கோலாலம்பூர் பறக்கும் விமான நிறுவனத்தாருக்கு,

வணக்கம். டிசம்பர் 13, 14 இரவுகளில், சாப்பாடு கொடுத்து முடித்ததும், உள்விளக்குகளை ஒரு மணி நேரம் அணைத்து வையுங்கள். சன்னல் மறைப்பைத் திறக்கச் சொல்லித் தமிழில் ஓர் அறிவிப்பும் செய்யுங்கள். ஜெமினிட்ஸ் எரிகல் பொழிவு உச்சத்தில் இருக்கும் நேரம் அது.

தரையிலிருந்தே பார்க்கலாமே என்பீர்கள். கார்த்திகைக் கடைசியில் திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் நட்சத்திரம் தெரிந்தாலே அதிசயம். மழையைக் குறை சொல்லவும் வாய் வராது, வயலில் சம்பா நிற்கிறது. நவம்பர் 17-ஐ ஒட்டி வரும் லியோனிட்ஸ் என்ற இன்னொரு எரிகல் பொழிவுக்கும் இதே கதி. 2018-ல் அந்தச் சமயம் பார்த்துத்தான் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது. வானத்தைப் பார்க்க யாருக்கு மனசு வரும்?

உங்கள் விமானமோ சுமார் 11 கிலோமீட்டர் உயரத்தில், பெரும்பாலான மேகங்களுக்கு மேலே போகிறது. எரிகற்கள் எரிவது 80 முதல் 120 கிலோமீட்டர் உயரத்தில் என்பதால், விமானம் ஏறியதால் அவற்றின் கிட்டே போய்விட மாட்டோம். லாபம் அடிவானத்தில் இருக்கிறது. அந்தப் பக்கம் பார்வை சாய்வாக ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடும். உச்சி வானத்தைப் பார்ப்பதைவிடப் பல மடங்கு பரப்பு கண்ணில் விழும். தரையில் தூசியும் ஈரமும் மங்கலாக்கிவிடும் அந்த அடிவானம் மேலே தெளிவாக இருக்கும். விமானச் சன்னல் காட்டுவதும் அதைத்தானே!

இது என் கற்பனை என்று நினைக்க வேண்டாம். 1998-லும் 1999-லும் லியோனிட்ஸைப் பார்க்க நாசா இரண்டிரண்டு விமானங்களைப் பறக்கவிட்டது. எரிகல் ஆய்வாளர் பீட்டர் ஜென்னிஸ்கன்ஸ் தலைமையில் நடந்த வேலை அது. ஒரே எரிகல்லை இரண்டு விமானத்திலிருந்தும் படம்பிடித்தால் அதன் உயரத்தையும் பாதையையும் கணக்கிட்டுவிடலாம். 2011-ல் டிராகோனிட்ஸ் எரிகல் பொழிவுக்காக ஐரோப்பியர்களும் சுவீடனின் கிருனாவிலிருந்து கிளம்பினார்கள்.

நானும் முயன்றேன், யாருடைய விமானம் என்பது வேண்டாம். போர்வையைத் தலையோடு போர்த்தி, நெற்றியைச் சன்னலில் ஒட்டி உட்கார்ந்திருந்தேன். கண்ணாடியின் அடியில் இருக்கும் சின்னத் துளையைச் சுற்றிப் பனி பூத்திருந்தது. கண் இருட்டுக்குப் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும். பழகி வரும் நேரத்தில் பணிப்பெண் வந்து, "சார், உடம்புக்கு முடியலையா?" என்று தலைக்கு மேல் விளக்கைப் போட்டுவிட்டார். பக்கத்து இருக்கைப் பட்டுக்கோட்டைத் தம்பி, "என்னண்ணே, ஊரையே பாத்துக்கிட்டு இருக்கீங்களா?" என்றார். விஷயத்தைச் சொன்னதும் அவரும் போர்வைக்குள் வந்துவிட்டார்.

இறக்கை விளக்குகளை அணைக்கச் சொல்லவில்லை, அவை பாதுகாப்புக்கு. ஏறும்போதும் இறங்கும்போதும் உள்ளே மங்க வைக்கிறீர்களே, அதையே நடுவிலும் ஒருமுறை செய்தால் போதும். சிங்கப்பூர் போகையில் இடப்பக்கச் சன்னல்கள் வடகிழக்கைப் பார்க்கும், ஜெமினிட்ஸ் கிளம்பிவருவதுபோல் தெரியும் மிதுன நட்சத்திரக் கூட்டம் ஏறிவருவதும் அந்தத் திசையில்தான். அதற்காக இடப்பக்க இருக்கைக்குக் கூடுதல் காசு கேட்டுவிடாதீர்கள். எரிகல் எந்தப் பக்கமும் விழும்.

இப்படிக்கு,
மன்னார்குடிப் பயணி ஒருவர்